ஆனைக்கும் அடி சறுக்கும்

(சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் மூத்த குடிமக்கள் மன்றம் நடத்திய முதியோர் தினக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெருமதிப்புக்குரிய மன்றத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, காசு வாங்காமல் மாதாமாதம் நமக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லும் டாக்டர் அம்மா அவர்களே, ஒரு போன் செய்ததும் மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, காலையிலிருந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகளிர் குழுவினரே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். போன வருடம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இன்று நம்மோடு இல்லை. அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 1-ஐ முதியோர் தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை 1990இல் அறிவித்தது. இந்த நாளில் தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'தனியாக வாழும் முதியோரின் நலமும் பாதுகாப்பும்'. நான்கு விஷயங்கள் சொல்ல நினைத்திருக்கிறேன். விழாமல் இருப்பது, மாத்திரை, சாப்பாடு, போனில் வரும் மோசடி. முதலில் விழுவதைப் பற்றி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் அக்காவுக்குச் சறுக்கிய கதையைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு 78 வயது. அடுத்த தெருவில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்திம்பேர் போன பிறகு பையன் புனேவுக்குக் கூப்பிட்டான். "என் பால்கனியை விட்டுட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பால்கனியில் பச்சை நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை கட்டியிருக்கும். காலை ஏழு மணிக்குப் பூக்கார அம்மா கீழே நின்று குரல் கொடுத்தால் கூடை இறங்கும். ஒரு முழம் கதம்பத்தோடு மேலே போகும். மழை நாளில்கூட அது தவறாது.

ஒரு வெள்ளிக்கிழமை கூடை இறங்கவில்லை. பூக்கார அம்மா மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். "ஊருக்குப் போயிருப்பாங்க" என்று நடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. நேராக மரத்தடி இஸ்திரிக்காரரிடம் போய், "அந்தம்மா ஊருக்குப் போனா என்கிட்ட சொல்லாம போகாதுங்க" என்றிருக்கிறார். இரண்டு பேரும் மாடி ஏறினார்கள். எதிர்வீட்டில் மாற்றுச் சாவி இருந்தது. கதவைத் திறந்தால் ஹாலில் விளக்கு எரிகிறது, பாத்ரூம் கதவு உள்ளே தாழ்ப்பாள்.

அன்று எண்ணெய்க் குளியல். தரையெல்லாம் எண்ணெயும் சீயக்காயும். கால் வழுக்கியதும் அக்கா பிடித்தது துண்டு போடுகிற கம்பியை. அது இரண்டு ஸ்க்ரூவோடும் உடைந்த டைல்ஸ் துண்டோடும் கையிலேயே வந்துவிட்டது. விழுந்தவள் கதவை ஒட்டி விழுந்தாள். அதுவோ உள்பக்கம் திறக்கும் கதவு. தள்ளினால் அவள் மேல்தான் இடிக்கும். இஸ்திரிக்காரர் பின்பக்கம் ஏணி போட்டு, வென்டிலேட்டர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் ஒல்லி. அவன்தான் அந்த வழியாக உள்ளே இறங்கினான். ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஈரத்தில் கிடந்தவள் அவனைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, பூக்காரம்மாவுக்கு நேத்து பாக்கி பத்து ரூபாய். ஃப்ரிட்ஜ் மேலே வெச்சிருக்கேன், குடுத்துடு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். 108 வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன்.

இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன். எவ்வளவோ ஜாக்கிரதையான மனுஷி அவள். ஆனைக்கும் அடி சறுக்கும். அதனால் கேட்டுக்கொள்கிறேன். தனியாக இருப்பவர்கள் பாத்ரூமில் தாழ்ப்பாள் போடாதீர்கள். முடிந்தால் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். துண்டுக் கம்பி பிடிமானம் ஆகாது. சுவரில் ஆழமாகத் துளையிட்டு எஃகுக் கைப்பிடி போடச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அப்புறம், தினமும் உங்களை எதிர்பார்க்கிற ஒருவர் வேண்டும். பால் போடுகிறவரோ, பூ கொடுக்கிறவரோ, யாராவது.

மாத்திரை பற்றி ஒன்றே ஒன்று. வேறு வேறு டாக்டர்கள் எழுதிய சீட்டுகளை ஒரே பையில் போட்டு டாக்டர் அம்மாவிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், தடுமாற்றத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, அக்காவிடம் வருகிறேன். மூன்று மாதத்தில் வாக்கர் பிடித்து எழுந்தாள். "தினமும் இருபது நிமிஷம் நடங்கம்மா, நடந்தால்தான் தசை திரும்ப வரும்" என்றார் பிசியோதெரபி செய்த பெண். கைப்பிடிச் சுவரைப் பிடித்து 34 படி இறங்கி அக்கா கேட் வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். நடைபாதை முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதன் மேல் நான்கு பைக். கொஞ்சம் தள்ளி ஒரு மின்சாரப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல். சாலையில் இறங்கினால் பின்னால் ஹார்ன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, மேலே போயிடலாம்டா" என்றாள். ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பியபோது எனக்கு இருந்த தைரியம் அன்றைக்குப் போய்விட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எத்தனை நாள் ஆனையையே குறை சொல்வோம்? பாதையைப் பார்க்க வேண்டாமா?

நம் தெருவை டேப் வைத்து நானே அளந்தேன். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது அரை அடி. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நம் தெருவில் ஓரிடத்தில் உயரம் ஒன்றரை அடி. மின்சாரப் பெட்டிக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. வாக்கர் நுழையாது.

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று நம் மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்தது. நடைபாதை மக்களின் உரிமை, வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21வது பிரிவில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருக்கிற பாண்டி பஜாரைப் பாருங்கள். 2019இல் அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்கள். சாயந்திரம் போனால் நம் வயதுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொல்கிறார்கள், பிரஷருக்கும் தூக்கத்துக்கும் நடக்கச் சொல்கிறார்கள். நான்கு முகத்தைப் பார்த்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தெருவில் கால் வைக்க இடம் வேண்டுமே! மாமன்ற உறுப்பினர் அவர்களே, நாங்கள் பாண்டி பஜார் அளவுக்குக் கேட்கவில்லை. அரை அடி உயரத்தில், உடையாத கல் பதித்து, நூறு தப்படிக்கு ஒரு பெஞ்சு போட்டுக் கொடுங்கள், போதும்.

நேரமாகிவிட்டது. சாப்பாட்டை டாக்டர் அம்மாவே பேசுவார். மோசடி பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் என்று சொல்லி போனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிப்பார்கள். அந்த 'டிஜிட்டல் கைது' என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவும் கிடையாது. அப்படி மிரட்டினால் போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. முதியோர் உதவிக்கு 14567. நடைபாதைக் கல் பெயர்ந்திருந்தால் மாநகராட்சிக்கு 1913. கடைசி எண்ணை இன்றைக்கே ஒரு தடவை கூப்பிடுங்கள்.

நடைபாதை கேட்டு எழுதிய மனு சுண்டல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போடப் பேனாவும் வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் கூடுகிறோம். டேப் நான் கொண்டுவருகிறேன். அக்கா வாக்கரோடு வருகிறாள், பூக்கார அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாக்கர் எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து மனுவோடு சேர்க்கப் போகிறோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.