பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டார்

எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் கலைஞரைப் பற்றிப் பேச்சு என்றதும், கம்பியைப் பல்லால் மீட்டுகிறவர், மேடையிலேயே கிட்டாரைக் கொளுத்துகிறவர் என்று யாரையாவது எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மிக்கெல் லென்ட்ஸ் அந்த ரகம் இல்லை. பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆனால் 'ட்வென்ட்டி ஃபைவ் மினிட்ஸ்' என்ற பாட்டைச் சொன்னால் இங்கேயே நாலு பேர் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதைப் பாடிய டென்மார்க் பாப் குழு 'மைக்கேல் லெர்ன்ஸ் டு ராக்'. அந்தக் குழுவின் கிட்டார் அவருடையதுதான்.

டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரம் ஆர்ஹுஸ். 1988இல் அங்கே நான்கு இளைஞர்கள் சேர்ந்தார்கள். பாடலும் கீபோர்டும் யாஷா ரிக்டர், டிரம்ஸ் கோரே வான்ஷர், பாஸ் கிட்டார் சோரன் மேட்சன், கிட்டார் லென்ட்ஸ். அந்த ஊருக்கு ஏற்கெனவே இசையில் நல்ல பெயர் உண்டு. க்னாக்ஸ், டிவி-2 போன்ற குழுக்கள் அங்கிருந்து இயங்கியவைதான். ஆனால் அவர்கள் டேனிஷ் மொழியில் பாடினார்கள். அன்றைக்கு டென்மார்க்கின் மொத்த மக்கள்தொகையே சுமார் 50 லட்சம். சொந்த மொழியில் பாடினால் சந்தை அவ்வளவுதான். இவர்கள் ஆங்கிலத்தில் பாடினார்கள். அதுவும் பள்ளியில் கற்ற, எளிய, தெளிவான ஆங்கிலம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அந்தப் பாட்டுகள் சட்டென்று பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். கரோக்கேயில் பாட நாக்கு சுளுக்காது, பாருங்கள்!

1991இல் முதல் ஆல்பம் வந்தது. அதில் 'தி ஆக்டர்' பெரிய வெற்றி. 1993இல் 'கலர்ஸ்', 1995இல் 'பிளேய்டு ஆன் பெப்பர்'.

சரி, இதில் கிட்டாருக்கு என்ன வேலை? பாட்டுகளில் பெரும்பாலானவை ரிக்டர் எழுதியவை. அவர் கீபோர்டுக்காரர். பியானோவை மையமாக வைத்த மெட்டுக்குள் கிட்டார் நுழைவது லேசான காரியமில்லை. மனிதக் குரல் புழங்கும் நடு ஸ்தாயியில்தான் பியானோவின் கார்டுகளும், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களும், நிற்கின்றன. அதே இடத்தில் கிட்டாரும் முழு கார்டை அடித்தால் மூன்றும் ஒன்றையொன்று மறைத்துக் கலங்கிப் போகும். அதனால் இந்த வகை மெல்லிசையில் கிட்டார் கலைஞர் இடம் தேடித்தான் வாசிக்க வேண்டும். முதல் சரணத்தில் சும்மா இருப்பார். இரண்டாவதில் அக்கூஸ்டிக் கிட்டாரைத் தாளத்துக்காக மட்டும், ஒரு கஞ்சிரா மாதிரி, மெல்லத் தட்டுவார். பல்லவி திரும்பும்போது எலெக்ட்ரிக் கிட்டார் ஒற்றைச் சுரத்தை நீளமாக இழுக்கும். அந்த இடத்தில் பாட்டு பெரிதானது போலத் தோன்றும். கேட்பவர் அதைப் பாடகரின் கணக்கில் எழுதிவிடுவார்! நடுவே தனி ஆவர்த்தனம் கிடைத்தாலும் சில வினாடிகள்தான், அதையும் பாடக்கூடிய மெட்டாக வாசிக்க வேண்டும். விரல் வேகத்தைக் காட்டுவதைவிட இது கடினம் என்பது என் கட்சி. கிட்டார் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

2000இல் மேட்சன் விலகினார். மற்ற மூவரும் புதிதாக யாரையும் உறுப்பினராகச் சேர்க்காமல் மூவராகவே தொடர்ந்தார்கள். அப்புறம் 2004இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஹாங்காங் பாடகர் ஜாக்கி சியுங் 1993இல் சீன மொழியில் பாடிப் புகழ்பெற்ற மெட்டு ஒன்றை எடுத்து, ஆங்கில வரிகள் போட்டு, 'டேக் மி டு யுவர் ஹார்ட்' என்று வெளியிட்டார்கள். மேற்கத்திய மெட்டை ஆசியாவில் எடுத்தாள்வது நமக்குப் பழக்கம். இங்கே பாதை தலைகீழ். சீனாவில் அது பரவலாக ஓடியது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுவாக, பாட்டு வானொலியில் ஒலிக்கும்போதெல்லாம் எழுதியவருக்கு உரிமைத்தொகை போகும். பல நாடுகளில் வாசிப்பவருக்கும் வானொலியிலிருந்து ஒரு பங்கு உண்டு, ஆனாலும் அவர் பெரிதும் நம்பியிருப்பது இசைத்தட்டு விற்பனையையும் கச்சேரியையும்தான். 2000க்குப் பிறகு உலகெங்கும் சிடி விற்பனை சரிந்தபோது, வாசிப்பவர்களுக்குப் பிழைப்பே மேடைதான் என்றானது. இந்தக் குழு ஆசிய நகரங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்ததை இந்தப் பின்னணியில்தான் நான் பார்க்கிறேன். 2018இல் 'ஸ்டில்' ஆல்பம் வந்தபோது குழுவுக்கு முப்பது வயது. ரிக்டர், வான்ஷர், லென்ட்ஸ் என்ற அதே மூவர்தான் அதிலும் இருந்தார்கள்.