ஓதியவரும் கேட்டவரும்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து, பிள்ளைகள் நார்சா தின்பண்டப் பொட்டலம் எங்கே என்று வாசலையே பார்க்கிறார்கள். அதனால் சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

நம் வீடுகளில் யாரும் "குர்ஆன் படித்தேன்" என்று சொல்வதில்லை, "ஓதினேன்" என்றுதான் சொல்வோம். தேவாரத்துக்கு உள்ள அதே சொல். குர்ஆன் என்ற பெயருக்கே ஓதப்படுவது என்று பொருள். முதலில் இறங்கிய வசனமும் 'இக்ரஃ', ஓதுவீராக என்றுதான் தொடங்குகிறது. ஒருவர் வாயைப் பார்த்து, காதால் கேட்டுத்தான் இது வரும்.

குர்ஆனை விரித்து வைக்கும் ரிஹால் பலகைக்கு முன்னால் ஆடி ஆடி 'அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ' என்று எழுத்துக் கூட்டியது நினைவிருக்கும். ழாத் என்ற அரபி எழுத்து வந்ததும் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். அரபிகள் தங்கள் மொழியையே 'ழாதின் மொழி' என்பார்கள். அதைத் தமிழில் எழுத நம்மவர்கள் ழகரத்தை எடுத்துக்கொண்டார்கள். ரமழான் என்கிறோமே, அப்படி. ஆனால் இரண்டும் ஒரே ஒலி இல்லை. ழகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளையும். ழாதுக்கு நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் ஒட்ட வேண்டும். எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாபி என் கன்னத்தில் விரலை அழுத்தி, "இங்க ஒட்டணும்" என்பார்.

சரி, இன்றைய தமாமுக்கு, அதாவது தராவீஹில் குர்ஆனை முழுதாக ஓதி முடித்ததற்கு வருவோம். 30 ஜுஸ்உகளை, அதாவது பாகங்களை, 27 இரவுகளில் முடிப்பது லேசான வேலை இல்லை. சில ஊர்களில் ரயில் வேகத்தில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நிறுத்தி நிதானமாக ஓதச் சொல்லித்தான் முஸ்ஸம்மில் சூராவில், அந்த அத்தியாயத்தில், இருக்கிறது.

நிதானமாக ஓதினாலும் சில இடங்களில் தடுமாறும். மூஸா நபியிடம் தோற்ற சூனியக்காரர்களின் கதை அஃராஃப் சூராவிலும் வரும், ஷுஅரா சூராவிலும் வரும். பல இடங்களில் சொற்கள்கூட ஒன்றேதான். கொஞ்சம் கவனம் பிசகினால் ஒரு சூராவில் நுழைந்தவர் இன்னொரு சூராவில் வெளியே வருவார். அப்போது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் சரியான சொல்லை எடுத்துக்கொடுக்கும். அதற்கு 'லுக்மா' என்று பெயர். லுக்மா என்றால் ஒரு கவளம். ஊட்டிவிடுகிற மாதிரி.

இப்போது குர்ஆனை மனப்பாடமாக ஓதிய நம் ஹாபிழுக்குச் சால்வை போர்த்தப் போகிறோம். நான் இரண்டு வாங்கச் சொன்னேன். இன்னொன்று, 27 இரவும் அவருக்குப் பின்னால் நின்று கேட்டவருக்கு. மனிதர் கூச்சப்பட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.