குப்பைமேட்டு வாசல்

நேயர்களே, வணக்கம். வேதாகமத்தில், இடிந்த எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியா என்றாலே கண்ணீர், உபவாசம், ஜெபம் என்று முதலாம் அதிகாரத்திலேயே நம்முடைய பிரசங்கங்கள் தங்கிவிடுகின்றன. மூன்றாம் அதிகாரம் வந்ததும், ‘வெறும் பெயர்ப் பட்டியல்தானே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மதிலின் எந்தப் பங்கை யார் கட்டினார்கள் என்கிற அந்தப் பட்டியலுக்குத்தான் இன்றைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. எருசலேமின் மதில் இடிந்து, வாசல்கள் வெந்து கிடந்த கோலத்தை, பெர்சிய ராஜாவிடம் வேலைபார்த்த நெகேமியா சூசான் அரமனையில் கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் நாலு மாதம் ஜெபம். அந்த நாலு மாதத்தில் யோசனையும் ஓடியிருக்கிறது. ராஜா கேட்டதுமே போய்த் திரும்பும் காலத்தைச் சொல்கிறார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். வனக்காவலன் ஆசாபிடம் மரம் கேட்கிறார்: கதவுக்கு, மதிலுக்கு, தான் தங்கும் வீட்டுக்கு.

ஊருக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரியில் சில பேரோடு, ஒரே ஒரு மிருகத்தில் ஏறி மதிலைப் பார்க்கக் கிளம்பினார். ராஜாவின் குளத்தண்டையில் அந்த மிருகம் கால்வைக்கவே வழியில்லை. அவ்வளவு இடிபாடு. அந்த ஊர்க் கல் சுண்ணாம்புக்கல்; நெருப்பில் வெந்தால் பொரிந்து உதிரும். அதனால் நல்ல கல்லைப் பொறுக்கவேண்டும், வெந்ததை ஒதுக்கவேண்டும், மண்ணை அள்ளவேண்டும். பிறகுதான் கட்டுமானம். பாதி மதில் எழும்பியபோது ஜனங்கள் சோர்ந்ததற்கு எதிரி சன்பல்லாத்தின் பரியாசமும் பயமுறுத்தலும் மட்டுமல்ல காரணம். சுமைகாரருக்குப் பெலன் போயிற்று, மண்மேடோ இன்னும் மிச்சம் என்றுதான் யூதா மனிதர் புலம்பினார்கள். மறுபடியும் சொல்கிறேன், மண்மேடு!

இப்போது பட்டியல். மதில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டு. தன் வீட்டு வாசலுக்கு நேரே நிற்கும் சுவரில் யாராவது ஏனோதானோவென்று கல் வைப்பார்களா? தட்டார் கட்டினார்கள், தைலக்காரர் கட்டினார்கள், சல்லூம் தன் குமாரத்திகளோடு கட்டினான். தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதே ஊர் ஜனங்களோ தங்கள் பங்கை முடித்து இரண்டாவது துண்டையும் எடுத்தார்கள். ஊர்க் குப்பை வெளியே போகிற குப்பைமேட்டு வாசலைக் கட்டியவன் யார்? மல்கியா, ஒரு மாகாணத்துப் பிரபு. கதவு நிறுத்தி, பூட்டும் தாழ்ப்பாளும் போட்டான். எனக்குப் பிடித்த வசனம் இது. நம் சபைகளில் இந்த வாசலை யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

நேரம் ஓடுகிறது. ஐந்தாம் அதிகாரத்தைச் சொல்லாமல் விடமுடியாது. வேலை நடக்கும்போதே ஏழைகளின் கூக்குரல்: நிலம் அடகில், பிள்ளைகள் அடிமைத்தனத்தில். கடன் கொடுத்தவர்கள் அந்நியரல்ல, சொந்தச் சகோதரர். நூற்றுக்கு ஒன்று வட்டி. அதை மாதக் கணக்காக எடுத்தால் நாம் சொல்கிற ‘ஒரு வட்டி’. நெகேமியா பெரிய சபையைக் கூட்டி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஆசாரியரை அழைத்து ஆணையிடவும் வைத்தார், பிறகு பேச்சு மாறக்கூடாதே!

52 நாளில், ஏலூல் மாதம் 25-ல், மதில் முடிந்தது. ஆனால் பட்டணம் விசாலம், உள்ளே ஜனம் கொஞ்சம், வீடுகளும் கட்டப்படவில்லை. அதனால் பத்துப் பேரில் ஒருவர் எருசலேமில் குடியேற வேண்டுமென்று சீட்டுப் போட்டார்கள். மனப்பூர்வமாய் வந்தவர்களை ஜனங்கள் வாழ்த்தினார்கள். அது பதினோராம் அதிகாரம்; நிலையத்தார் கை காட்டுகிறார்கள், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.