பேசிகா ஏன் உறைந்து நிற்கிறது?

(திரையில்: கறுப்புப் பின்னணி, அசையாத கர்சர்)

பேசிக் என்பது ஒரு புரோகிராம் மொழி; அதை ஓட்டுவது பேசிகா. ஐபிஎம்மின் பழைய இயங்குதளமான பிசி டாஸ் டிஸ்கில் வந்த பேசிகா.காம் கோப்பை வேறு ஒரு கம்பெனியின் 486 கம்ப்யூட்டரில் ஓட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும். ‘புது டாஸ், பழைய புரோகிராம், ஒத்துப்போகவில்லை’ என்று தோன்றும். பாவம், டாஸ் மேல் தப்பில்லை. அந்தக் கோப்பில் இருப்பதே பாதி பேசிக்தான்.

மீதி எங்கே? 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் மதர்போர்டில், 32 கேபி ரோமுக்குள் (மின்சாரம் போனாலும் அழியாத, படிக்க மட்டுமேயான நினைவகம்). டிஸ்க் இல்லாமல் போட்டாலும் அந்தக் கம்ப்யூட்டர் நேரே பேசிக்கில்தான் விழிக்கும். எழுதியதை கேசட்டில் சேமிக்கலாம். பேசிகா அந்த ரோமின் மேல் கட்டிய மாடி. மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் அந்த ரோம் கிடையாது. பேசிகா அங்கே தாவிப் போய்ப் பார்க்கும், தரைத்தளத்தையே காணோம்!

சரி, என்ன செய்யலாம்? ஜிடபிள்யூ-பேசிக். மைக்ரோசாஃப்டின் இதே மொழிதான், ஆனால் ரோமை நம்பாமல் ஒரே கோப்பில் முழுசாக இருக்கிறது. விண்டோஸ் 98-இலும் ஓடும்.

(திரையில்: ‘60300 பைட்ஸ் ஃப்ரீ’)

கம்ப்யூட்டரின் வேலை நினைவகமான ரேம் 64 எம்பி இருந்தாலும் இதே 60300தான். ஜிடபிள்யூ-பேசிக்கின் உலகம் ஒரு 64 கேபி செக்மெண்டோடு, அதாவது நினைவகத் துண்டோடு, முடிகிறது.

1991-இல் டாஸ் 5-உடன் வந்த க்யூபேசிக்குக்கு மாற நினைத்தால், முதலில் ஜிடபிள்யூ-பேசிக்கிலேயே கோப்பைத் திறந்து சேவ் செய்யுங்கள்; பெயருக்குப் பின்னால் ஒரு கமா, ஓர் ஏ. சும்மா சேவ் செய்தால் ஒவ்வொரு கட்டளையும் சுருக்கக் குறியாக மாறிப் பதிவாகும். அப்படிப்பட்ட கோப்பின் முதல் பைட் 255. க்யூபேசிக் அதைத் தொடாது. கமா ஏ போட்டால் வெறும் எழுத்துக் கோப்பு.

அப்புறம் வேகம். (திரையில்: பந்து விளையாட்டு, பந்து கண்ணில் படாமல் பறக்கிறது)

அந்தக் காலத்தில் காத்திருக்க வைக்க, 1 முதல் 5000 வரை சும்மா எண்ணும் ஒரு ஃபார்-நெக்ஸ்ட் வளையம் போதும். பழைய ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸில் அது சில நொடிகள். பென்டியமில் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. 5000-ஐ ஐந்து லட்சமாக்குவது அடுத்த கம்ப்யூட்டர் வரைக்கும்தான் தாங்கும். டைமர் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்று சொல்லும். நள்ளிரவு 12 மணிக்கு அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதைக் கவனிக்காமல் எழுதினால், 11:59-க்கு ஆடத் தொடங்கியவரின் பந்து அடுத்த ராத்திரி வரை அந்தரத்தில் நிற்கும்.