நெபோ எப்படி நெபெஸா ஆனது?

வணக்கம் மக்களே. ரஷ்ய மொழி படிக்க ஆரம்பித்தபோது என்னை ரொம்பக் குழப்பிய சொல் 'நெபோ'. வானம் என்று பொருள். எழுத்துப்படி சொல்கிறேன், உச்சரிப்பு கொஞ்சம் மாறும். பன்மை 'நெபா' என்றுதானே வரவேண்டும்? வருவதோ 'நெபெஸா'. நடுவில் இந்த 'ஸ்' எங்கிருந்து முளைத்தது?

முளைக்கவில்லை, பழைய சரக்கு. ரஷ்யன் உட்பட ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவியத்தில் எழுதப்பட்ட ஏடு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அதன் சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள்: *நெபோ. கண்டெடுத்த சொல் அல்ல, ஒப்பிட்டு மீட்ட சொல் என்று அர்த்தம்.

எதை வைத்து மீட்டார்கள்? முதல் சாட்சி பழைய சர்ச் ஸ்லாவோனிக். 9ஆம் நூற்றாண்டில் சிரிலும் மெத்தோடியஸும் கிறிஸ்தவ நூல்களை மொழிபெயர்த்த மொழி. அதில் வானம் 'நெபோ', வானத்துக்கு 'நெபெஸி'. வானத்தின், வானத்தில் இரண்டுக்குமே 'நெபெஸெ'. பாருங்கள், ஒருமையிலேயே 'ஸ்' வந்துவிட்டது! 'வானத்தை' மட்டும் மறுபடி வெறும் நெபோ.

நம் 'மரம், மரத்தை' ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் நம் 'அத்து' இடையில் வந்து சேரும் சாரியை. அங்கே 'ஸ்' சொல்லின் சொந்த உறுப்பு.

அது எப்படித் தெரியும்? ஸ்லாவியத்தின் தூரத்துச் சொந்தங்களைக் கேட்டால் தெரியும்: சமஸ்கிருதத்தில் 'நபஸ்', இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கி மறைந்த ஹிட்டைட் மொழியில் 'நெபிஸ்', கிரேக்கத்தில் மேகத்துக்கு 'நெஃபோஸ்'. எல்லாவற்றிலும் கடைசியில் 'ஸ்'. ஸ்லாவியத்தில் சொல்லின் கடைசி மெய் உதிர்ந்துவிட்டது, மிஞ்சியது நெபோ. வேற்றுமை உருபு பின்னால் வந்த இடங்களில் 'ஸ்' இரண்டு உயிர்களுக்கு நடுவே இருந்ததால் தப்பித்தது. கிரேக்கத்தில் அப்படியே தலைகீழ்: கடைசி 'ஸ்' நின்றது, நடு 'ஸ்' மறைந்தது. ஒரே சொல்லின் இரண்டு பாதிகளை இரண்டு மொழிகள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. இந்த இடத்துக்காகவே எனக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

சரி, பிறகு? ரஷ்யர்கள் ஒருமையில் 'ஸ்'ஸைக் கைவிட்டு, பன்மையில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஸ்லோவேனியர்கள் சில சொற்களில் ஒருமையிலும் விடவில்லை: உடல் 'தெலோ', உடலின் 'தெலெஸா'. சக்கரத்தின் கதைதான் வேடிக்கை. பழைய 'கோலோ'வை ரஷ்யர்கள் 'கோலெஸோ' ஆக்கி, உருபு ஏறிய இடத்தில் மட்டும் இருந்த 'ஸ்'ஸை எழுவாயிலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.