தோட்ட வேலிக் குழியில் ஒரு கல்

அனைவருக்கும் வணக்கம். திரையில் நீங்கள் பார்க்கிற கல்லை நான் கொண்டுவரவில்லை. படம் மட்டும்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மெல்பேர்னின் மேற்கில், ஓடைக்குப் பக்கத்தில் காணி வாங்கிய ஒரு தம்பி, மரக்கறித் தோட்டத்துக்கு வேலி போடக் குழி தோண்டும்போது கண்ட கல் இது. தீப்பெட்டியை விடச் சிறியது. சிவப்பும் சாம்பலும் கலந்த நிறம். "அண்ணன், இது சும்மா கல்லா, பூர்வகுடி மக்கள் செய்ததா?" என்று படம் அனுப்பிக் கேட்டார். இந்த மண்டபத்தில் பலர் அந்தப் பக்கம்தான் வீடு கட்டியிருக்கிறீர்கள். உங்கள் வளவிலும் நாளைக்கு ஒன்று வரலாம்.

முதலில், அந்த இடத்துக் கல் எது என்று பாருங்கள். மேற்குச் சமவெளி எரிமலைக் குழம்பு இறுகி உண்டான நிலம். இங்கே புளூஸ்டோன் என்று சொல்கிற கறுப்பு எரிமலைக் கல்தான் எங்கும். அலவாங்கு பிடித்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். தம்பியின் குழியிலும் அதுதான் நிறைய. அதற்கு நடுவே, சீனி மணிகள் ஒட்டியது போன்ற சில்கிரீட் என்ற கல்லின் துண்டு ஒன்று கிடந்தால், இது இங்கே எப்படி வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஓடை உருட்டி வந்திருந்தால் விளிம்பு மழுங்கியிருக்கும். லொறியில் வந்து கொட்டிய கிறவலாக இருந்தால் அதே மாதிரி இன்னும் நூறு கிடக்கும். இதன் விளிம்போ விரலைக் கீறும்.

அடுத்து, இதைப் பாருங்கள். தடித்த கண்ணாடிப் போத்தல் ஒன்றின் உடைந்த அடி. முன்வரிசையில் இருப்பவர்கள் கவனமாகக் கைமாற்றிப் பாருங்கள். உடைந்த முகத்தை விளக்குக்குச் சரித்துப் பிடித்தால், அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு ஒன்று தெரியும். அதிலிருந்து, குளத்தில் கல் எறிந்தது போல வளையங்கள் விரியும். சில்கிரீட், சேர்ட் போன்ற கற்களும் இப்படித்தான் உடையும். கருவிக்காகக் கல்லிலிருந்து சீவல், அதாவது மெல்லிய துண்டு, எடுக்கிறவர் கல்லில் தட்டையான ஒரு மேடையைப் பார்த்து, அதன் ஓரத்தில் அடிப்பார். அந்த மேடையின் ஒரு துண்டும் புடைப்பும் வளையங்களும் ஒரே சீவலில் சேர்ந்திருந்தால், மனிதக் கை பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தம்பியின் கல்லில் மறுபக்கம் மூன்று பள்ளங்கள், மூன்றும் ஒரே திசையில். இதற்கு முன் கழன்ற சீவல்களின் தடம். ஒரு விளிம்பு நெடுக, எலி கொறித்த மாதிரி நுண்ணிய செதுக்கல். கல் தானாக உருண்டு இவ்வளவு ஒழுங்காக உடையாது.

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளையர் வந்த பிறகு, இந்த மக்கள் போத்தல் கண்ணாடியிலும் கருவி செய்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பக்கத்துக் கண்ணாடி ஈட்டி முனைகளின் செதுக்கலைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆகவே பழைய கண்ணாடித் துண்டையும் அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

ஏமாறுகிற இடங்களும் உண்டு. உழவு இயந்திரம் கல்லைச் சிராய்க்கும். அந்த வடு மட்டும் புது நிறமாக இருக்கும். தீயில் சூடேறின கல் வட்ட வட்டமாகத் தெறிக்கும். படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், இன்னும் சிரமம், அதில் புடைப்போ வளையமோ சரியாகத் தெரியாது. ஆனால் அதையும் தள்ளிவிட முடியாது. எங்கள் இலங்கையில் பாஹியன் குகையில் கிடைத்த, சுமார் 45,000 ஆண்டுகள் பழமையான சிறு கருவிகளில் பெரும்பாலானவை படிகக்கல்தான்.

சரி, நான் ஏன் கல்லைக் கொண்டுவரவில்லை? மெல்பேர்னுக்கு வடக்கே, லான்ஸ்ஃபீல்ட் அருகே மவுண்ட் வில்லியம் என்ற இடத்தில் ஒரு பழைய கல் அகழ்விடம் இருக்கிறது. உருண்ட்ஜெரி என்ற பூர்வகுடி மக்களின் இடம். கரும்பச்சைக் கல்லை அங்கே வெட்டி எடுத்துக் கோடரி செய்தார்கள். அந்தக் கோடரிகள் கைமாறிக் கைமாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருக்கின்றன. 1800களில் அதைப் பொறுப்பாகக் காத்தவர் பில்லிபெல்லரி என்ற தலைவர். கல் வேண்டுமென்றால் ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும், பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். கேட்காமல் யாரும் தொட மாட்டார்கள். இதைப் படித்த பிறகு, குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பைக்குள் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் முன்பு போட்டிருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓடைக்கரையில் அழகான சீவல் ஒன்றை எடுத்துவந்து, குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் ஒட்டியிருக்கும் மாச்சத்து, இரத்தம், தாவர நார் ஆகியவற்றை நுண்காட்டியில் பார்த்து, அந்தக் கருவி கிழங்கு சீவியதா தோல் வழித்ததா என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எந்த வளைவில் எடுத்தேன் என்பதும் இன்று நினைவில்லை. அந்தக் கல்லிடம் இனி யாரும் எதையும் கேட்க முடியாது. அது இன்றைக்கும் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே கல்லைக் கிடந்தபடி விடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். ஃபோனில் இடத்தைக் குறியுங்கள். கழுவ வேண்டாம். எலும்பு மாதிரி ஏதும் தெரிந்தால் உடனே வேலையை நிறுத்திப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

"சொன்னால் காணியைப் பறித்துவிடுவார்களா?" தம்பியும் இதைத்தான் கேட்டார். ஊரில் காணியை விட்டு ஓடி வந்தவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பறிக்க மாட்டார்கள். உங்கள் பெயரில் முழு உரிமையோடு உறுதி இருக்கிற காணிமீது, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடி மக்களின் பூர்வீக உரிமை கோர முடியாது. எங்கள் விக்டோரியா மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுரிமைச் சட்டம் கேட்பது வேறு: கண்டதை அறிவிக்க வேண்டும், சேதப்படுத்தக் கூடாது. அறிவித்தால் அந்த மண்ணுக்குரிய மக்களின் அமைப்புக்குத் தகவல் போகும். அது கருவியா இல்லையா என்று முடிவாகச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களும் தொல்லியலாளர்களும்தான், நான் அல்ல.

தம்பி அறிவித்த பிறகு, அவர் வளவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அரை மணி நேரம் குனிந்தபடி நடந்தார்கள். குழியிலிருந்து மூன்று மீட்டருக்குள் இன்னும் நான்கு சீவல்கள் கண்டார்கள். வந்தவர்களில் மூத்த அம்மா, ஒன்றைக் கையில் வைத்துப் பெருவிரலை அதன் பள்ளத்தில் பொருத்திக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். தம்பி தோட்ட வேலியை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டார். முருங்கை இப்போது அந்தப் பக்கம் வளர்கிறது. கல் அங்கேயே இருக்கிறது.