நஞ்சு என்று பெயர் வைத்தோம்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஓர் ஆலமரம். கிளையெல்லாம் சாக்குப் பொட்டலமும் வைக்கோல் சுற்றிய மூட்டையுமாகத் தொங்கும். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது மாட்டு நஞ்சு. கன்று போட்டதும் விழுகிற இளங்கொடியைப் பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்று நம்பிக்கை. நஞ்சு விழும்வரை எங்கள் அப்பத்தா தொழுவத்தை விட்டு நகராது. விழுந்ததும் குச்சியால் புரட்டிப் பார்த்து, "முழுசா விழுந்துருச்சு" என்று சொன்ன பிறகுதான் காபித் தண்ணியே குடிக்கும்.

மாட்டுக்கு இவ்வளவு கவனிப்பு. வீட்டுப் பெண்ணுக்கு விழுந்ததைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அதோடு மறந்துவிடுவோம். இப்போது ஆஸ்பத்திரியில் மஞ்சள் பைக்குள் போகிறது.

அந்த நஞ்சுக்கொடியைப் படித்துத்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கள் அப்பா, "பொண்ணு பயாலஜி படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதற்குத் தாய்சேய் இணைப்புத்திசு என்று பெயர். சரியான பெயர்தான், ஆனால் பிரசவ வார்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் பிளசென்டா. தட்டையான பலகாரம் என்று பொருள்படும் லத்தீன் சொல். 1559இல் வெளிவந்த நூலில் ரியால்டோ கொலம்போ என்ற இத்தாலிய உடற்கூறு அறிஞர் வைத்த பெயர். அந்த வேலை நம் ஊர் ஆச்சி யாரிடமாவது போயிருந்தால், பணியாரத்தில் எந்தப் பணியாரம் என்று ஒரு சண்டை நடந்திருக்கும்.

எவர்சில்வர் தட்டில் வைத்துப் பார்த்தால், நிறைமாத நஞ்சுக்கொடி ஏறக்குறைய அரைக் கிலோ, சாணுக்குக் கொஞ்சம் குறைவான அகலம். தாய்ப்பக்கம் ஈரல் நிறத்தில், பதினைந்து இருபது மேடுகளாகப் பிரிந்திருக்கும். திருப்பிப் போட்டால் குழந்தைப்பக்கம் வழவழவென்று நீலம் பாய்ந்திருக்கும். நடுவில் தொப்புள்கொடி, அதிலிருந்து ரத்தக் குழாய்கள் நாலாபக்கமும் வேர்போல ஓடும். ஒரு துண்டை வெட்டி உப்புநீரில் அலசுங்கள். ரத்தம் போனதும் ஊருணிப் படிக்கட்டில் பிடித்த பாசிபோல மெல்லிய இழைகள் மிதக்கும். இவைதான் விரலிகள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும், ஓர் அறைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிற அளவு.

குழந்தையின் உடம்பில் அம்மா ரத்தம்தான் ஓடுகிறது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். இல்லை. நம் வீடுகளில் முகப்பு இருக்கிறதல்லவா? வந்தவரோடு பேச்சு, கணக்கு வழக்கு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேயே முடியும். அவர் வளவுக்குள், அதாவது உள்வீட்டுக்குள், வரமாட்டார். அதே மாதிரிதான். விரலிக்குள் ஓடுவது பிள்ளையின் ரத்தம், விரலியை நனைப்பது தாயின் ரத்தம். நடுவே மெல்லிய சுவர். பிராணவாயுவும் சர்க்கரையும் உள்ளே போகும், கழிவு வெளியே வரும். ரத்தம் ரத்தத்தோடு கலப்பதில்லை.

மாட்டுக்கு அந்தச் சுவர் கனம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் அதைக் கடந்து கன்றுக்குப் போகாது. அதனால்தான் சீம்பால் கிடைக்காத கன்று சீக்குப்பட்டுச் சாகிறது. நமக்குச் சுவர் மெல்லிசு. அந்தப் புரதங்களைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகவே ஓர் ஏற்பாடும் அதில் இருக்கிறது. கர்ப்பிணிக்குப் போடுகிற தடுப்பூசி பிறக்கப்போகிற பிள்ளையை ரணஜன்னியிலிருந்து காப்பது இந்த வழியில்தான். முதல் சீம்பாலைக் கறந்து திரட்டுப்பால் கிண்டப் போனால் அப்பத்தா கையில் அடிக்கும். "கன்டு குடிக்கட்டும்டி" என்னும். காரணம் எனக்கு இருபத்திரண்டு வயதில், எம்.எஸ்ஸி. வகுப்பில் புரிந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் கடைசிக் குழாய்கள் சுருள் சுருளானவை, தேவைப்பட்டால் தசை இறுகி அடைத்துக்கொள்ளக்கூடியவை. கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் இறங்கி, அந்தத் தசையைக் கரைத்து, வாயை அகலமாக்கிவிடுகின்றன. கண்மாய் மடையின் பலகையைப் பிடுங்கி எறிந்து வாய்க்காலையும் அகலப்படுத்துகிற மாதிரி. அதன்பிறகு தாயின் உடம்பு நினைத்தாலும் மடையை அடைக்க முடியாது. தண்ணீரும் சீறாமல் நிதானமாகப் பரவும். இந்த வேலை ஏறக்குறைய இருபது வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அரைகுறையாக நின்றுபோனால்? குறுகிய மடையில் பீய்ச்சுகிற தண்ணீர் வரப்பை அரிப்பதுபோல ரத்தம் விரலிகளைச் சிதைக்கும். பிள்ளை வளர்ச்சி குன்றும். நஞ்சுக்கொடி திணறித் தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அளவுக்கு மீறிக் கொட்டும். பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் இறங்கும், தலைவலி, கண் மங்கல், முற்றினால் வலிப்பு. இதைத்தான் முன்சூல்வலிப்பு என்கிறோம். நூறு கர்ப்பங்களில் இரண்டிலிருந்து எட்டு வரை இது வருகிறது. மூலகாரணத்தை நீக்கும் வழி இன்றைக்கும் ஒன்றுதான்: நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும்.

நஞ்சுக்கொடி கொட்டுகிற அந்தப் புரதங்களில் ஒன்றின் பெயர் எஸ்ஃபிளிட்-1. ரத்தக் குழாய் வளரச் சொல்லும் சேதியை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். 2003இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சி என்ற சிறுநீரக மருத்துவரின் குழு இதைக் காட்டியது. இருபது ஆண்டு கழித்து, 2023இல், அதை அளந்து ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. ஆராய்ச்சி இந்த வேகத்தில்தான் நடக்கும், பொறுமை இல்லாதவர்கள் வர வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், ஆடியில் மராமத்துப் பார்க்காத மடை ஐப்பசியில்தான் காட்டிக்கொடுக்கும். பத்தாவது வாரத்தில் நடந்த தவறு முப்பதாவது வாரத்தில் தெரிகிறது. பத்தாவது வாரத்தில் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. சுண்டெலியில் பார்க்கலாம், ஆனால் சுண்டெலியின் செல்கள் மனுஷி உடம்பில் இறங்குகிற ஆழத்துக்கு இறங்குவதில்லை. 2018இல் கேம்பிரிட்ஜில் நஞ்சுக்கொடித் துணுக்குகளைத் தட்டிலேயே வளர்த்தார்கள். கடுகளவுகூட இல்லாத உருண்டைகள். வளர்த்த நீரில் மருந்துக்கடையில் விற்கிற கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை நனைத்தால், கர்ப்பம் என்று காட்டியது! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் என்றதும் என் கதை ஒன்று. பிரசவமாகி அரைமணிக்குள் நஞ்சுக்கொடியில் துண்டு வெட்டித் திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால், செல்லுக்குள் மரபுச் சேதியைச் சுமக்கிற ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். அதற்காகப் பிரசவ அறை வாசலில் பெஞ்சில் இரவெல்லாம் காத்துக் கிடப்பேன். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த ஒரு முன்சூல்வலிப்புப் பிரசவம், விடிகாலை நாலு மணிக்கு. கண் அசந்துவிட்டேன். எழுந்து ஓடினால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. ஆயாம்மா பாவம், "நஞ்சுதானம்மா, பையில போட்டுட்டேன்" என்றது. யாரைக் குறை சொல்ல? பெயரே நஞ்சு.

படிக்க வருகிற பிள்ளைகள் கேட்பது, "டாக்டருக்குப் படிச்சிருக்கணுமா மேடம்?" வேண்டாம். விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் எதுவானாலும் சரி. ரத்த ஓட்டத்தைக் கணக்கிடப் பொறியாளர் வேண்டும், புள்ளியியல் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும். அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிப் பேருந்தில் போகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்தத் தகுதி உண்டு. தேசிய அளவில் நடக்கிற நெட் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை வாங்கிவிட்டால் கதவு திறக்கும். மும்பையில் இனப்பெருக்கம், குழந்தை நலத்துக்கென்றே ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் இருக்கிறது. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடரும் கர்பிணி என்ற ஆய்வு 2015 முதல் நடக்கிறது. புனேயில் சர்க்கரை நோய் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்து, நம் குழந்தைகள் எடையில் குறைவு, உடற்கொழுப்பில் குறைவில்லை என்று காட்டியது. நாற்பது வயதில் வருகிற சர்க்கரையின் கணக்கு வயிற்றுக்குள்ளேயே தொடங்குகிறது என்கிற பேச்சுக்கு அது வலு சேர்த்தது.

துண்டு எடுக்கச் சம்மதம் என்று தாயிடம் தாளில் கையெழுத்து வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஒருமுறை தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி சம்மதித்துவிட்டாள். கூட வந்த அவள் பாட்டிக்கு மனசில்லை. "மண்ணுக்குள்ள போகணும் தாயி, முழுசாப் போகணும்" என்றார்கள். அரைமணி நேரத்தில் இருபது நிமிடம் பேச்சிலேயே போனது. கடைசியில், "எம்புட்டு வெட்டுவே?" என்றார்கள். சுண்டைக்காய் அளவில் நாலு துண்டு என்றேன். "எங் கண்ணு முன்னாடி வெட்டு" என்று கூடவே வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். நான் நாலு துண்டு எடுத்ததை வாய்விட்டு எண்ணினார்கள். பிறகு மீதியைத் தானே திருப்பிப் போட்டு, மேடு மேடாக விரலால் தொட்டு, எங்கள் அப்பத்தா மாதிரியே, முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

நன்றி, வணக்கம்.